ழான் மொரோ நடந்த இரவு: 'தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட்' ப்ளூரே வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு நடிகை ழான் மொரோவைப் பிடிக்கும் என்றால் இந்த டிஸ்க்கை வாங்குங்கள். அவர் நடித்து ஒரு படம்கூடப் பார்த்ததில்லை என்றால் இன்னும் அவசியமாக வாங்குங்கள், ஏனென்றால் சினிமா அவர் முகத்தை முதன்முதலாக உள்ளபடி பார்த்தது இந்தப் படத்தில்தான், நானும் அந்த முகத்தை உள்ளபடி பார்த்தது இந்த ப்ளூரேவில்தான்.

படம் லூயி மால் இயக்கியது. பிரெஞ்சில் 'அசான்சர் பூர் லெஷஃபோ', தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட் என்று அர்த்தம். 1958 ஜனவரியில் வெளியானது, 92 நிமிடம், கறுப்பு வெள்ளை. அமெரிக்காவில் பழைய படங்களைச் செப்பனிட்டு வெளியிடும் கிரைட்டீரியன் இதை 2006-இல் டிவிடியாகவும், 2018-இல் 2கே தரத்தில் செப்பனிட்டு ப்ளூரேவாகவும் கொண்டுவந்தது. நான் எழுதுவது ப்ளூரேவைப் பற்றி.

பத்து வருடம் முன்பு இந்தப் படத்தை ஒரு லேப்டாப்பில், யாரோ நகல் எடுத்து நகல் எடுத்துத் தேய்ந்துபோன ஒரு பிரதியில் பார்த்தேன். இரவுக் காட்சிகளில் திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று நகரும், அதுதான் கதாநாயகி என்று ஊகித்துக்கொள்ள வேண்டும். கதை புரிந்தது, இசை பிடித்தது, ஆனால் இந்த நடிகையை ஏன் உலகமே கொண்டாடுகிறது என்று புரியவில்லை. அந்தக் கேள்வி மனதில் கிடந்துகொண்டே இருந்தது. இப்போது விடை கிடைத்துவிட்டது: அன்று நான் அவரைப் பார்க்கவே இல்லை.

கதை இதுதான். ஃப்ளோரான்ஸ் (மொரோ) ஒரு ஆயுத வியாபாரியின் மனைவி. கணவனின் அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் ழூலியன் அவள் காதலன், முன்னாள் பாராசூட் படை வீரன், மொரீஸ் ரோனே நடித்திருக்கிறார். இருவரும் பேசிவைத்தபடி அவன் கணவனைக் கொன்றுவிட்டு, தற்கொலை போலத் தோன்றும்படி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறான். கீழே வந்து காரில் ஏறும்போது நிமிர்ந்து பார்த்தால், மாடி ஏறப் பயன்படுத்திய கயிறு வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது. எடுத்துவர ஓடுகிறான். லிஃப்டில் இருக்கும்போது காவலாளி மின்சாரத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். சனிக்கிழமை மாலை. இனி யாரும் வரப்போவதில்லை. வெளியே நிறுத்திய காரைப் பூக்கடைப் பெண்ணும் அவளுடைய காதலனும் சேர்ந்து ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு கஃபேயில் காதலனுக்காகக் காத்திருக்கும் ஃப்ளோரான்ஸ் கண் முன்னால் அந்தக் கார் கடந்து போகிறது, ஓட்டுபவன் யாரென்று தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் மட்டும் தெரிகிறாள். அவன் கொல்லப் பயந்துவிட்டான், போதாக்குறைக்கு இன்னொருத்தியோடு ஓடிவிட்டான் என்று நினைக்கிறாள். நம்பவும் முடியவில்லை. தேடிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள், இரவு முழுக்க நடக்கிறாள்.

அந்த நடைதான் படம். மற்றதெல்லாம், அதாவது லிஃப்டுக்குள் ழூலியன் படும் பாடு, கார் திருடிய ஜோடி ஒரு மோட்டலில் போய்ச் செய்யும் விபரீதம், எல்லாம் நன்றாகவே எடுக்கப்பட்ட குற்றக்கதை. ஆனால் கதைக்கு அந்த நடை தேவையே இல்லை என்பதுதான் விசேஷம். அவள் ஒரு கஃபேயில் நுழைந்து கேட்கிறாள், வெளியே வருகிறாள், அடுத்த மதுக்கடையில் நுழைகிறாள், இடி இடிக்கிறது, மழை பெய்கிறது, நனைகிறாள், கார்களுக்கு நடுவே சாலையைப் பார்க்காமல் கடக்கிறாள், தனக்குள்ளேயே முணுமுணுக்கிறாள். எதையும் கண்டுபிடிப்பதில்லை. கதையை ஒரு அங்குலம்கூட நகர்த்தாத இந்தக் காட்சிகளை வெட்டியிருந்தால் ஒரு விறுவிறுப்பான படம் மிஞ்சியிருக்கும், பத்து வருடத்தில் அதை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். பிரெஞ்சும் தெரியாது, ஆங்கில சப்டைட்டில் ஓடும் வேகத்துக்குப் படிக்கவும் மாட்டார், நான் அவ்வப்போது சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த நடைக் காட்சியில் மட்டும் "நீ சொல்ல வேண்டாம், சும்மா இரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தேடிப் போறவ மாதிரி இல்லடா, வீட்டுக்குத் திரும்பிப் போக இடமில்லாம நடக்கிறவ மாதிரி இருக்கா" என்றார். நான் படித்த எந்தக் கட்டுரையும் இதை இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. கணவனைக் கொல்லச் சொல்லிவிட்டாள், காதலனைக் காணவில்லை, அவள் எந்த வீட்டுக்குத்தான் போவாள்?

இந்தக் காட்சிகளை எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் பிடிக்கும். ஒளிப்பதிவு ஆன்ரி தெகே. அப்போது புதிதாக வந்திருந்த டிரை-எக்ஸ் என்ற, குறைந்த வெளிச்சத்திலும் பதியும் ஃபிலிமைப் போட்டு, ஷான்செலிசே சாலையில் கடை ஜன்னல்களிலிருந்து வரும் வெளிச்சத்தை மட்டும் வைத்து எடுத்தார். கேமராவை ஒரு குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்து மொரோவுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். சினிமா விளக்குகள் இல்லை, முகத்தில் மேக்கப் இல்லை. ஒரு கடையைக் கடக்கும்போது முகம் பளிச்சென்று வருகிறது, அடுத்த கடை வரும் வரை இருட்டில் மூழ்குகிறது, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையமும் கீழ்நோக்கி வளைந்த உதடும் அப்படியே தெரிகின்றன. ஃபிலிம் கழுவும் லேப் ஆட்கள் இதைப் பார்த்துக் கொதித்துப்போய், மாலும் தெகேயும் அந்தப் பெண்ணைக் கெடுக்கிறார்கள், விடாதீர்கள் என்று தயாரிப்பாளரிடமே போய்ச் சொன்னதாக மால் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நடிகையின் மேல் இருந்த அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் ஒரு நடிகையின் முகத்தைப் படம் பிடிப்பது என்றால் மூன்று பக்கமும் விளக்கு வைத்து நிழலையெல்லாம் துடைத்துவிடுவது என்றுதான் பொருள்.

மொரோவுக்கு அப்போது 29 வயது. புதுமுகம் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு முன்பே பத்து வருடமாக மேடையிலும் திரையிலும் இருந்தவர். 1928 ஜனவரி 23-இல் பாரிஸில் பிறந்தார். அப்பா உணவகம் நடத்தியவர், பிரெஞ்சுக்காரர். அம்மா ஆங்கிலேயர், லங்காஷயர் பக்கத்திலிருந்து வந்து பாரிஸில் ஃபோலி பெர்ஜேர் நடன அரங்கில் ஆடியவர். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், பதினாறு வயதில், அனூயியின் 'அந்திகோன்' நாடகத்தைப் பார்த்துவிட்டு இதுதான் என் வேலை என்று முடிவெடுத்தார். அப்பாவுக்குத் துளியும் சம்மதமில்லை. மகள் விடவில்லை. கான்செர்வத்துவார் என்ற நடிப்புப் பள்ளியில் படித்தார், 1947-இல் கொமெதி பிரான்சேஸ் என்ற அரசு நாடகக் குழுவில் சேர்ந்தார், அதே வருடம் ழான் விலார் தொடங்கிய முதல் ஆவிஞ்ஞோன் நாடக விழாவிலும் நடித்தார், பிறகு விலாரின் மக்கள் நாடக அரங்குக்கே போய்விட்டார். மேடையில் பெயர் ஏறிக்கொண்டே போனது. சினிமாவில் மட்டும், திறமை இருக்கிறது ஆனால் கேமராவுக்கு ஏற்ற முகம் இல்லை என்று சொல்லிச் சொல்லி, மாவு பூசி, சின்னப் படங்களில் போட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு படத்தையும் தேடிப் பார்த்தால் நல்லது. ழாக் பெக்கர் இயக்கிய 'துஷே பா ஓ க்ரீஸ்பி', 1954. ழான் காபென் நடித்த அருமையான கொள்ளைக்காரப் படம், அதில் மொரோ ஒரு கொள்ளைக்காரனின் காதலியாக வந்து காபெனிடம் அறை வாங்குவார். நன்றாகத்தான் நடித்திருப்பார், ஆனால் அந்தப் பெண்ணுக்கு மனதில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் கவலையில்லை. ஒரு சுவையான விஷயம், மல்யுத்த வீரராக இருந்த லினோ வெந்துரா அந்தப் படத்தில்தான் சினிமாவுக்கு வந்தார், அதே வெந்துராதான் 'லிஃப்ட்' படத்தில் மொரோவை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி. இரண்டு படத்திலும் இருவரும் எதிரெதிரே நிற்கும் காட்சிகளை அடுத்தடுத்துப் பாருங்கள். நாலே வருடத்தில் கேமரா எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும்.

மால் அவரை மேடையில் பார்த்துத்தான் தேடி வந்தார். பீட்டர் ப்ரூக் பாரிஸில் இயக்கிய டென்னஸி வில்லியம்ஸ் நாடகம் ஒன்றில் மொரோ கதாநாயகியாக நடித்துக்கொண்டிருந்தார். மாலுக்கு அப்போது 25 வயதுகூட முடியவில்லை. கடலாய்வாளர் கூஸ்தோவோடு சேர்ந்து கடலுக்கடியில் ஒரு ஆவணப்படம் எடுத்தவர், மீன்களைத்தான் இயக்கிப் பழக்கம் என்று அவரே சொல்வாராம். கதைப் படம் இதுதான் முதல். (நம்மூர் வாசகர்களுக்கு ஒரு தகவல்: இதே மால்தான் 1968-இல் இந்தியா வந்து 'லென்த் ஃபாந்தோம்' என்ற நீண்ட ஆவணத் தொடரை எடுத்தார், அதில் ஒரு பகுதி முழுக்க மெட்ராஸ், கலாக்ஷேத்ராவும் 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பும் அதில் வருகின்றன. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

சரி, டிஸ்க்குக்கு வருகிறேன். படத்தின் தரம் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கறுப்பு கறுப்பாக இருக்கிறது, அதற்குள்ளே பொருள்களும் தெரிகின்றன, ஈரமான தார்ச்சாலையும் கறுப்பு, அவள் பின்னால் இருக்கும் சுவரும் கறுப்பு, இரண்டும் வேறு வேறு கறுப்பு. ஃபிலிமின் மணல் மணலான தன்மையைத் தேய்த்து வழவழப்பாக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். டிரை-எக்ஸின் குணமே அதுதான், அதை வழித்து எடுத்திருந்தால் முகத்தின் தோலும் சேர்ந்து போயிருக்கும். படத்தின் முதல் ஷாட்டே மொரோவின் முகம்தான், தொலைபேசியில் காதலனிடம் பேசுகிறாள், திரை முழுக்கக் கண்ணும் வாயும். என் பழைய பிரதியில் அது ஒரு முகம், அவ்வளவுதான். இதில் இமை துடிப்பதும் உதடு காய்ந்திருப்பதும் தெரிகின்றன. கொலைக்குச் சம்மதம் சொல்லும் பெண்ணின் முகம் அது, கோபமோ வஞ்சகமோ கிடையாது, தூங்காதவளின் களைப்பு மட்டும்தான் இருக்கிறது.

ஒலி மோனோ, சுருக்கப்படாத தடம். அதுவே போதும், ஏனென்றால் கேட்க வேண்டியது ஒரு டிரம்பெட். இந்தப் படத்துக்கு இசை மைல்ஸ் டேவிஸ். கச்சேரிகளுக்காகப் பாரிஸ் வந்திருந்தவரை மால் பிடித்துக்கொண்டார். 1957 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு, போஸ்த் பாரிசியன் ஸ்டூடியோவில், படத்தின் துண்டுகளைத் திரையில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்ட, அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள், விடிவதற்குள் முடிந்தது. டிரம்ஸில் கென்னி க்ளார்க், பியானோ ரெனே உர்த்ரெஜே, பேஸ் பியேர் மிஷ்லோ, சாக்ஸஃபோன் பார்னி விலென். எழுதிவைத்த இசை என்று பெரிதாக ஒன்றுமில்லை, சில சுருதி அடுக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மனோதர்மமாக வாசித்தது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. மொத்தப் படத்திலும் இசை இருபது நிமிடத்துக்குள்தான் வரும், மற்ற நேரம் தெருச் சத்தமும் மௌனமும்தான். இசை வரும்போது பெரும்பாலும் மொரோ நடந்துகொண்டிருப்பார். அந்த டிரம்பெட் அவருக்காக அழவில்லை, பக்கத்தில் கூடவே நடக்கிறது. அவர் நின்றால் நிற்கிறது, மூச்சு விட்டால் மூச்சு விடுகிறது.

அந்த ஒலிப்பதிவு இரவில் எடுத்த கொஞ்சம் படச்சுருள் இந்த டிஸ்க்கில் கூடுதலாக இருக்கிறது. டேவிஸ் திரையைப் பார்த்தபடி வாசிக்கிறார், மால் பேசுகிறார். சில நிமிடங்கள்தான், ஆனால் இதற்காகவே வாங்குகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது. இசையைப் பற்றி டிரம்பெட் கலைஞர் ஜான் ஃபேடிஸும் விமர்சகர் கேரி கிடின்ஸும் பேசும் ஒரு பகுதி உண்டு, ராகம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவது போல இருக்கிறது, எனக்கு ஜாஸில் அ-ஆ கூடத் தெரியாது, எனக்கே விளங்கியது. மால் கல்லூரிக் காலத்தில் எடுத்த குறும்படம் ஒன்றும் இருக்கிறது, ஒருமுறை பார்க்கலாம். மால், ரோனே, உர்த்ரெஜே ஆகியோரின் பழைய பேட்டிகள், விளம்பரத் துணுக்குகள், கட்டுரைகள் உள்ள சிறு புத்தகம், இவ்வளவும் உண்டு.

இவற்றில் எனக்கு முக்கியம் 2005-இல் மொரோ கொடுத்த பேட்டி. 77 வயது. குரல் இன்னும் கரகரப்பாகியிருக்கிறது. மாலைப் பற்றியும் அந்த நாட்களைப் பற்றியும் பேசுகிறார், உணர்ச்சிவசப்படாமல், ஒரு தச்சர் தான் செய்த மேசையைப் பற்றிப் பேசுவது போலத் தெளிவாக. இளமையில் எடுத்த படத்தைப் பற்றி முதுமையில் பேசும்போது பலர் தன் அழகைப் பற்றி வருத்தப்படுவார்கள் அல்லது பெருமைப்படுவார்கள், இவரிடம் இரண்டும் இல்லை. படம் முடிந்த கையோடு இதைப் பார்த்ததால், கடை வெளிச்சத்தில் தெரிந்த அதே கருவளையத்தையும் அதே உதட்டு வளைவையும் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து அதே முகத்தில் பார்த்தேன். அன்றைக்கு மறைக்கச் சொன்னவை எல்லாம் அவரோடு கடைசி வரை இருந்திருக்கின்றன, அவற்றை வைத்துத்தான் அவர் வாழ்ந்திருக்கிறார்.

(இந்தப் பத்தியில் முடிவைத் தொடுகிறேன், வேண்டாம் என்றால் தாண்டிவிடுங்கள்.) முதல் தடவை நான் கவனிக்காத ஒன்று: காதலர்கள் இருவரும் படத்தில் ஒரு காட்சியில்கூடச் சேர்ந்து வருவதில்லை. தொடக்கத்தில் தொலைபேசி, நடுவில் இவள் தெருவில், அவன் லிஃப்டில். கடைசியில் ஒரு போட்டோ கழுவும் அறையில், ரசாயனத் தட்டில் ஒரு காகிதம் மிதக்கிறது, அதில் மெல்ல மெல்ல இருவரும் சேர்ந்து சிரிக்கும் படம் எழுந்து வருகிறது. அதுதான் சாட்சியம், அதுவே அவர்கள் சந்தோஷமாக இருந்ததற்கு நாம் காணும் ஒரே தடயமும். மொரோ அந்தத் தட்டைப் பார்க்கும் பார்வைக்காக இந்தக் காட்சியை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மாட்டிக்கொண்டோம் என்ற பயம் அந்த முகத்தில் இல்லை. இவ்வளவு நேரம் தேடியவனைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதி இருக்கிறது. சேர்ந்து வராத இவர்கள் இருவரையும் பிறகு மால் 1963-இல் 'ல ஃபூ ஃபொல்லே' படத்தில் ஒரே காட்சியில் வைத்தார், ரோனே நாயகன், மொரோ சிறு வேடம். இதைப் பார்த்த சூட்டோடு அதைப் பார்த்தால் மனது என்னவோ செய்கிறது.

இந்த டிஸ்க்கின் போதாமை என்றால், படத்தோடு சேர்ந்து ஓடும் விளக்கவுரைத் தடம் கிடையாது, அப்புறம் மொரோவின் வாழ்க்கை முழுவதையும் இதில் எதிர்பார்க்கக் கூடாது. இந்தப் படத்துக்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. அதே வருடம் மாலோடு 'லே ஸாமான்'. வசதியான வீட்டு மனைவி ஒருத்தி, ஒரே இரவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறாள். வெனிஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் அதைத் திரையிட்டதற்காக ஓஹையோவில் ஒரு தியேட்டர் மேலாளருக்கு 2,500 டாலர் அபராதம் போட்டார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1964-இல் அவர் பக்கம் தீர்ப்பானது. ஆபாசம் என்றால் என்னவென்று வரையறுக்க முடியாது, பார்த்தால் எனக்குத் தெரியும், இந்தப் படம் அது இல்லை என்று நீதிபதி பாட்டர் ஸ்டீவர்ட் எழுதியது இந்த வழக்கில்தான். சட்டம் படிப்பவர்கள் எல்லோருக்கும் அந்த வரி தெரிந்திருக்கும், அது மொரோவின் முகத்தைப் பார்த்து எழுதியது என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ.

1960-இல் பீட்டர் ப்ரூக் இயக்கிய 'மொதராதோ கான்தாபிலே'வுக்கு கான் விழாவில் சிறந்த நடிகை. 1961-இல் அந்தோனியோனியின் 'லா நோத்தே', இதிலும் ஒரு நீண்ட நடை இருக்கிறது, பகலில், மிலானில், மறுபடியும் யாரையும் எதையும் கண்டுபிடிக்காத நடை. 'லிஃப்ட்' படத்தின் இரவு நடையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை வந்தால் அடுத்து அதைத்தான் பார்க்க வேண்டும். முன்னதில் அவளுக்கு ஒருவன் வேண்டும், பின்னதில் வேண்டியவனே பக்கத்தில் இருந்தும் ஒன்றுமில்லை. நடையின் வேகத்திலேயே அந்த வித்தியாசத்தைக் காட்டிவிடுகிறார்.

1962-இல் த்ரூஃபோவின் 'ழூல் எ ஜிம்'. பெரும்பாலானவர்கள் மொரோவை முதலில் சந்திப்பது இதில்தான், அதில் தப்பில்லை. அதில் அவர் 'ல தூர்பியோன்' என்று ஒரு பாட்டுப் பாடுவார், கிதார் வாசித்து உட்கார்ந்திருப்பவர்தான் அதை எழுதிய ரெஸ்வானி. பாடும்போது ஒரு இடத்தில் சரணங்களை மாற்றிப் பாடிவிட்டு, மாறிப்போச்சு என்பது போலக் கையால் ஒரு சின்ன சைகை செய்வார், த்ரூஃபோ அந்த டேக்கையே வைத்துக்கொண்டார். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கை அசைவில் நான் சிரித்துவிடுகிறேன். இரவெல்லாம் மழையில் நடந்த அதே பெண்தான் இவள் என்று நம்ப நேரம் பிடிக்கும்.

பிறகு தெமியின் படத்தில் தலைமுடியை வெள்ளிப்பொன்னாக்கிக்கொண்டு நீஸ் நகரச் சூதாட்ட மேசையில் உட்கார்ந்தார், பூனுவேலின் படத்தில் வேலைக்காரியாக நடித்தார், ஆர்சன் வெல்ஸோடு பல படங்கள், வெல்ஸ் அவரை உலகின் மிகச்சிறந்த நடிகை என்றே சொன்னார். 1971-இல், கருக்கலைப்பு சட்டவிரோதமாக இருந்த காலத்தில், நானும் செய்துகொண்டேன் என்று பெயர் போட்டு அறிவித்த 343 பெண்களில் அவரும் ஒருவர். நட்சத்திரமாக இருந்துகொண்டு அதில் கையெழுத்துப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். 1976-இல் 'லூமியேர்' எடுத்து இயக்குநரானார். கான் விழா நடுவர் குழுவுக்கு 1975-லும் 1995-லும் தலைவர். பிரெஞ்சு சினிமாவின் சேசார் விருது வந்தது 1992-இல், அறுபத்து நாலு வயதில். பிரான்சின் நுண்கலை அகாதெமிக்குத் தேர்வான முதல் பெண்மணியும் அவர்தான். 2017 ஜூலை 31-இல் பாரிஸில், 89 வயதில் காலமானார்.

இதில் ஒரு பங்குகூட இந்த டிஸ்க்கில் இல்லை என்பது உண்மை. ஆனால் எனக்கு அது குறையாகப் படவில்லை. எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் ஒரு மணி நேர வாழ்க்கைச் சுருக்கத்தைவிட, ஒரு முகம் திரையில் பிறந்த அந்த நாட்களை இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இனி வாங்குகிறவர்களுக்கு. இது ஏ மண்டல ப்ளூரே, இந்தியா சி மண்டலம். சாதாரணமாக இங்கே வாங்கிய ப்ளூரே பிளேயரில் ஓடாது. எல்லா மண்டல டிஸ்க்கும் ஓடும் பிளேயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களும் தங்கள் பிளேயர் எந்த மண்டலம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது, பின்பக்கம் அச்சிட்டிருக்கும். சப்டைட்டில் ஆங்கிலம் மட்டும். வசனம் குறைவான படம், ஆங்கிலம் மெதுவாகப் படிப்பவர்களும் சமாளிக்கலாம், நான் நடுநடுவே சொல்லச் சொல்ல அம்மாவே சமாளித்தார். அட்டை விலை 39.95 டாலர். கூடவே தபால் செலவு, சுங்கம் எல்லாம் சேரும், அதனால் பாதி விலைத் தள்ளுபடி வரும் நேரம் பார்த்து, இரண்டு மூன்று பேர் சேர்ந்து மொத்தமாக வரவழைத்தால் கை கடிக்காது.

நான் வாங்கிய இணையக் கடை முதலில் அனுப்பிய பெட்டி நசுங்கி, உள்ளே டிஸ்க் கழன்று உருண்டுகொண்டிருந்தது. படம் அனுப்பிக் கேட்டதும் மூன்று வாரத்தில் வேறு அனுப்பினார்கள். அந்த மூன்று வாரம் பெரிய எரிச்சல். வந்தவுடன் பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்துவையுங்கள், மாற்றிக் கேட்கும்போது உதவும்.

பழைய டிவிடி வைத்திருப்பவர்கள் மறுபடியும் செலவழிக்க வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருடைய டிவிடியையும் என் ப்ளூரேவையும் ஒரே டிவியில், அவள் கஃபேயிலிருந்து வெளியே வந்து நடக்கத் தொடங்கும் இடத்திலிருந்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். டிவிடியில் கடை வெளிச்சத்துக்கும் கடை வெளிச்சத்துக்கும் நடுவே அவள் காணாமல் போகிறாள். ப்ளூரேவில் அந்த இருட்டிலும் அவள் கண் திறந்திருப்பது தெரிகிறது. நண்பர் அன்றைக்கே ஆர்டர் போட்டார். பிளேயர்தான் இன்னும் வாங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வரட்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.